எழுதிப் பார்த்துத் தாள் வாங்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு இந்த வருஷம் பொங்கலோடு மைப்பேனையால் நாலு பக்கக் கடிதம் எழுதிப் போட்டேன். கிடைத்ததும் போன் எடுத்தார். "என்னடா தம்பி, முன்பக்கத்தை வாசிக்கப் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்தெல்லோ வருது" என்றார். போட்டோக்கொப்பித் தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தேன், பக்கற்றில் 80 ஜீஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை 80 கிராம்) என்று பெரிதாகப் போட்டிருந்ததை நம்பி.

அதே அண்ணாவிடம் தொண்ணூறுகளில் அப்பா எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே யாழ்ப்பாணத்தில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்ததைப் பார்த்தவர்களுக்கு அப்போது தாள் என்ன பாடு என்று தெரியும். அப்பா ஒரு பழைய பேரேட்டில் மிஞ்சிக் கிடந்த தாள்களைக் கிழித்து, வரவு செலவு என்று சிவப்புக் கோடு ஓடும் பத்திகளுக்குக் குறுக்கே எழுதியிருக்கிறார். அண்ணா ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். முப்பது வருஷமாகியும் ஒரு சுழி கசியவில்லை, பின்பக்கம் ஒரு பொட்டுக் கூட ஊறவில்லை.

அன்றையிலிருந்து எனக்குத் தாள் தேடுவதே வேலையாகிவிட்டது.

பலரும் நினைப்பது போலத் தாளின் தடிப்பில் இல்லை விஷயம். மைப்பேனை மை பெரும்பாலும் தண்ணீர், அதைத் தாள் உறிஞ்சாமல் பிடித்து நிறுத்துவது ஆலையில் தாளுக்குள்ளும் மேலும் சேர்க்கும் பசைதான். பேரேட்டுத் தாள் பேனைக்காகவே செய்தது என்பதால் அதில் பசை தாராளம். பசையே சேர்க்காத தாளுக்கு மை ஒற்றும் தாள் நல்ல உதாரணம், மை பட்ட இடத்திலிருந்து நாலு பக்கமும் வேர் விட்டு ஓடும். பெறாமகள் வரும்போது ஜப்பானின் தோமோயே ரிவர் தாள் கொஞ்சம் கொண்டுவந்து தந்தாள். 52 ஜீஎஸ்எம்தான், வெங்காயத் தோல் போல இருக்கிறது, பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறதே தவிர மை ஊறவே இல்லை. ஆனால் காய நேரம் எடுக்கும், கை படாமல் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும்.

அதற்காக எல்லாரும் ஜப்பானுக்கு ஓட வேண்டியதில்லை. கொப்பிக்கு உறை போடும் பிரவுண் பேப்பரை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் சொரசொரப்பாக இருக்கும். மினுங்கும் பக்கத்தில் கறுப்பு மையால் எழுதினால் எழுத்து பழைய காணி உறுதி போலக் கம்பீரமாக நிற்கிறது, சொரசொரப்புப் பக்கத்தில் எழுதினால் கோட்டின் ஓரமெல்லாம் மயிர் முளைத்தது போலாகிவிடுகிறது. பட்டம் கட்டும் ரிசு பேப்பரில் நிப் வைத்தவுடனேயே கிழிந்தது. மினுமினுப்பான கலண்டர் தாளின் மேல் ஒரு பூச்சு இருப்பதால் மை உள்ளே இறங்காமல் துளித்துளியாக நிற்கும், கை பட்டால் இழுபடும். யானை இலத்தியில் செய்யும் தாள் பார்க்க வடிவு, ஆனால் அதன் நார் நிப்பின் பிளவுக்குள் மாட்டிக்கொள்ளும், அகலமான நிப்பும் மெதுவான கையும் வேண்டும். பனை ஓலையையும் விடவில்லை. எழுத்தாணியால் கீறிக் கரி பூசும் பொருளில் மைப்பேனை ஏறாது என்பதை எழுதிப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

சேலைக்குப் போடுகிற மாதிரி, ஆனால் அதைவிட நீர்த்த கஞ்சியைத் தூரிகையால் போட்டோக்கொப்பித் தாளில் மெல்லப் பூசி, நிழலில் காயவைத்து, தடித்த புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வைத்தும் பார்த்தேன். கசிவு நின்றே போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது, ஒரு பக்கம் மட்டும் எழுதத் தாராளமாகப் போதும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒருநாள் செய்து பாருங்கள், அவர்களுக்கு இது பெரிய சந்தோஷம்.

இனி நான் கேட்க வந்தது. நகரில் ஒரு கடையில் நல்ல பொண்ட் தாள் பக்கற் ஒன்று கண்டேன். ஒரு தாள் எடுத்து ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, உடைத்தால் முழுப் பக்கற்றும் வாங்க வேண்டும் என்றார்கள். 500 தாளை வாங்கி வீட்டில் வந்து எழுதிப் பார்த்தால் மை பரவுகிறது, இப்போது அது மளிகைச் சாமான் எழுதத்தான் உதவுகிறது. ஆகவே யாழ்ப்பாணத்துக் காகிதாதிக் கடைக்காரர்களைத் தயவாகக் கேட்கிறேன்: ஒவ்வொரு வகையிலும் ஒரு பக்கற்றை உடைத்து மேசையில் வையுங்கள், வருகிறவர் தன் பேனையாலேயே தன் பெயரை எழுதி, அரை நிமிஷம் பொறுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். பத்துத் தாள், இருபது தாள் என்று சில்லறையாகவும் கொடுங்கள், கொஞ்சம் விலை கூட்டிப் போட்டாலும் வாங்குவோம். பழைய பேரேடுகளோ கெட்டி அட்டை போட்ட பழைய சீ.ஆர். கொப்பிகளோ விற்காமல் பின்னறையில் தூசி பிடித்துக் கிடந்தால் பழைய கடதாசிக்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள், வெளியே எடுத்து வையுங்கள். நான் வருவேன், என்னைப் போல இன்னும் நாலு பேர் வருவார்கள்.

அண்ணாவுக்கு அந்த நாலு பக்கத்தையும் இன்னொரு தரம் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கொக்குவில்.