சிங்க்கின் கிரேடும் டைல்ஸின் வழுக்கலும் பில்லில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீட்டு இணைப்பில் சமையலறையைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் தரை, ஆழமான ஸ்டீல் சிங்க் என்று படங்களெல்லாம் அழகு. கூடவே, 'காந்தம் ஒட்டாவிட்டால் அது நல்ல ஸ்டீல்' என்று ஒரு குறிப்பும் இருந்தது. பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். போன வருடம்தான் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்து மாற்றினோம். அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் காந்த விஷயம். சிங்க் செய்யப் பயன்படும் 304 கிரேடு ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலை குறைந்த 202 கிரேடில் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான். குறைத்த நிக்கலுக்கு ஈடாக மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. போதாததற்கு, நல்ல 304 தகட்டையே அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். ஆகவே காந்தத்தை நம்பிப் போகிறவர் 202-ஐ நல்லதென்று வாங்கிவிடலாம், 304-ஐ மட்டமென்று ஒதுக்கியும் விடலாம்.

எங்கள் ஊரில் இந்த வித்தியாசம் சீக்கிரமே வெளியில் தெரிந்துவிடும். வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். பாத்திரம் துலக்குவது பல வீடுகளில் போர் தண்ணீரில், அது உப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம். அந்தப் படலத்துக்கு எமன் குளோரைடு. உப்புத் தண்ணீர் சொட்டி நின்று காய்ந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் குழி விழும். என் தங்கை வீட்டில் '304' என்று வாயால் சொல்லி விற்ற சிங்க்கில், கழிவு ஜாலியைச் சுற்றி மிளகாய் விதை போலப் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்துவிட்டன. பில்லை எடுத்துப் பார்த்தால் 'எஸ்.எஸ். சிங்க் 1' என்று மட்டும் இருக்கிறது. கிரேடும் இல்லை, தகட்டின் கனமும் இல்லை. எதை வைத்துக் கடைக்காரரிடம் கேட்பது?

நான் வாங்கும்போது '304, 1 மி.மீ., 24க்கு 18, ஆழம் 8' என்று பில்லில் எழுதினால்தான் பணம் என்று நின்றேன். ஒரு கடையில் மறுத்தார்கள். அடுத்த கடையில் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம் என்று உங்கள் வாசகர்களுக்குத் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆழம் 8 அங்குலம் ஏன் என்றால், நான் குள்ளம். எங்கள் மேடை 32 அங்குல உயரம். அதில் 10 அங்குல சிங்க் வைத்தால் அதன் அடித்தளம் தரையிலிருந்து 22 அங்குலத்தில் போய் நிற்கும்; ஒவ்வொரு தட்டுக்கும் இடுப்பு வளைய வேண்டும். ஆழம் கூடினால் தண்ணீர் தெறிக்காது என்பது உண்மைதான். ஆனால் பாத்திரம் துலக்குகிறவரின் உயரத்தைக் கேட்காமல் ஆழத்தைச் சிபாரிசு செய்யக் கூடாது. வீட்டில் இருப்பதிலேயே பெரிய இட்லிக் கொப்பரையைக் கடைக்கு எடுத்துப் போய் சிங்க்குக்குள் இறக்கித் திருப்பிப் பார்த்தேன். எல்லோரும் செய்ய வேண்டிய காரியம் அது. இப்போது பேசப்படும், கல்தூளில் செய்த கறுப்பு குவார்ட்ஸ் சிங்க் எங்கள் தண்ணீருக்கு ஒத்துவராது. தண்ணீர் காய்ந்ததும் வெள்ளை உப்புக் கறை பளிச்சென்று தெரியும்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, ஆசிட். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை பட்டாலே ஸ்டீல் கறுக்கும். 304 ஆனாலும் தப்பாது. ஆசிட் வேலை முடிந்து, நிறையத் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவிய பிறகுதான் சிங்க்கைப் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும்.

இனி தரை. இதைத்தான் அதிகக் கவலையோடு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்னமும் சாளை மீனைத் தன் கையால் ஆய்ந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. சாளை கழுவின தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். அது பாலிஷ் டைல்ஸில் சிந்தினால் இளவட்டங்களுக்கே கால் நிற்காது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. படத்தில் இருந்த தரை கூடத்துக்குச் சரி; சமையலறைக்கு ஆகாது.

டைல்ஸுக்கு வழுக்கல் அளவு உண்டு. ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போகும். ஜெர்மானியத் தரமுறை அது. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஒருவரை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வுவரை கால் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஆர்9 என்றால் 6 முதல் 10 டிகிரி, ஆர்10 என்றால் 10 முதல் 19, ஆர்11 என்றால் 19 முதல் 27. ஆர்11 சொரசொரப்பு; மீன் பிசுக்கு அதில் ஏறினால் துடைத்து மாளாது. வீட்டுச் சமையலறைக்கு ஆர்10 அளவுள்ள, பளபளப்பில்லாத மேட் டைல்ஸ் போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சோதனையில் நடப்பவர் காலில் பூட்ஸ் இருக்கும். நாம் அடுப்படியில் வெறுங்காலோடுதான் நிற்கிறோம். வெறுங்காலுக்கென்று ஏ, பி, சி என்று தனி வகைப்பாடும் இருக்கிறது. கடையில் அதையும் கேளுங்கள். தெரியாது என்றால் ஒரு டைல்ஸைத் தரையில் போடச் சொல்லி, தண்ணீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள்.

அளவும் முக்கியம். 4 அடிக்கு 2 அடி என்ற பெரிய டைல்ஸ் போட்டால் ஜாலியை நோக்கி வாட்டம் கொடுப்பது கஷ்டம். கழுவிவிட்ட தண்ணீர் நடுவில் தேங்கும். 1க்கு 1 போட்டால் நாலு பக்கமிருந்தும் வாட்டம் அழகாக வரும். இணைப்புகள் கூடும், உண்மை. அவற்றில் வெள்ளை சிமெண்டைப் பூசாமல் எபாக்ஸி என்ற பிசின் கலவையைப் போட்டால் மஞ்சளும் மீன் வாடையும் இறங்காது. சுவர் டைல்ஸை மலிவென்று தரைக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தரைக்குப் போடும், இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது. சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். தரையில் பாரம் தாங்காது. பழைய சிவப்பு ஆக்சைடு தரை வெடிப்பில்லாமல் இருக்கும் வீடுகளில் அதை ஏன் உடைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பில் சிங்க் படம் போட்டால் அதன் கிரேடையும் தகட்டின் கனத்தையும், தரைப் படம் போட்டால் வழுக்கல் அளவையும் படத்துக்குக் கீழே அச்சிடுங்கள். விளம்பரம் தரும் கடைகளிடமும் அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். காந்தக் குறிப்புக்கு அடுத்த வாரமே ஒரு திருத்தம் வெளியிட்டால், வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும் பலருக்கு உடனடியாக உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தூத்துக்குடி.