அந்த ஆறு இலக்க எண்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த வருமானக்காரர்களுக்கு மலேசிய அரசாங்கம் தரும் எஸ்டிஆர் ரொக்க உதவித்தொகைக்குக் கைப்பேசியிலேயே மனு செய்யலாம். நல்லதுதான். ஆனால் எங்கள் தோட்டத்து லயத்துப் பாட்டி, குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கண்ணாடி மாட்டிப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்று முறை! முப்பது வருடம் ரப்பர் பால்மரம் சீவிக் காய்த்துப்போன விரலுக்குத் திரையும் சரியாக அசையவில்லை.

2020இல் கோவிட் காலத்து மைசெஜாத்தெரா செயலி வந்தபோது, கடைவாசலில் பிள்ளைகள் நின்று சொல்லிக் கொடுத்தார்கள், பெரியவர்களும் பழகிக்கொண்டார்கள். இப்போது அவர்களுக்கு மோசடிக்காரர்களை நினைத்துத்தான் பயம். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரிக்கிறோம். அப்புறம் அதையே அடுத்த வீட்டுப் பையனிடம் சொல்லித்தான் மனுவை முடிக்க வேண்டியிருக்கிறது.

மாதம் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுக்க ஓர் அதிகாரியை அனுப்பினால் போதும்.

தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்