லோடர் வாங்குமுன் பின்பக்கத்தைப் பார்

மாப்ளே,

நலம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். நான் பதில் போடுவதில்லை என்று வாத்தியாரிடம் என் மானத்தை வாங்கியிருக்கிறாய். அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்ளலாம். அவர் சொன்ன இன்னொரு சேதிதான் இப்போது என்னை உட்கார்த்தி எழுத வைக்கிறது. லோடர் (முன்னால் பக்கெட் மாட்டி அள்ளித் தூக்கும் கை) வைத்த சின்ன டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம், மருமகன்தான் ஓட்டப் போகிறானாம். நீ அனுப்பிய விவரத்தாளைப் பார்த்தேன். குதிரைசக்திக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். முன் ஆக்ஸில், அதாவது முன் சக்கர அச்சு, எவ்வளவு தாங்கும் என்ற வரியை நீ சீண்டவே இல்லை. பரீட்சையிலும் இப்படித்தான் வேண்டாத வரியில் கோடு போடுவாய்.

லோடர் 500 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கிறது. எந்த இடத்தில் வைத்து அளந்த 500? பக்கெட்டை லோடர் கையில் மாட்டும் பின்னில் (இணைப்பு ஆணியில்) வைத்து அளந்தால் எண் பெரிதாக வரும். மண் பின்னிலா உட்காருகிறது? அரை மீட்டர் முன்னால், பக்கெட்டுக்குள் உட்காருகிறது. ஒழுங்கான விவரத்தாளில் பின்னில் ஓர் அளவும் அதற்கு 500 மி.மீ. முன்னால் ஓர் அளவும் தனித்தனியாக இருக்கும். உனக்கு இரண்டாவதுதான் வேண்டும், அது முதலாவதைவிட நன்றாகவே குறையும். முழு உயரத்தில் தூக்கும் எடையா, பாதி உயரத்திலா என்றும் கேள். பக்கெட்டின் சொந்த எடையைக் கழித்தாகிவிட்டதா என்றும் கேள். பக்கெட்டைச் சட்டென்று மாற்றும் குயிக் ஹிட்ச் வைத்தால் அதுவும் ஒரு எடை, போதாததற்குச் சுமையைக் கொஞ்சம் முன்னால் தள்ளும். பிரேக் அவுட் என்று ஒரு பெரிய எண் போட்டிருப்பார்கள். பக்கெட்டை மடக்கி மண்ணைப் பெயர்க்கும் விசை அது. தூக்கும் எடை என்று அதை எண்ணிவிடாதே.

இனி உன் வேலைக்கு வா. தொழு உரம் அள்ள, மண் நிரவ, வரப்போரத்துக் கல்லை ஒதுக்க என்கிறாய். கால் கன மீட்டர் பக்கெட்டில் மக்கின உரம் 150 கிலோ வரும், ஈரமாக இருந்தால் 200. அதே பக்கெட்டில் ஈர மண் 400 கிலோவைத் தாண்டிவிடும், ஈரச் சரளை 500. இந்த அளவு டிராக்டரோடு மண் அள்ளுவதாக இருந்தால் பெரிய பக்கெட் வாங்காதே. முக்கால் பக்கெட் அள்ளினால் போதும் என்று நீ சொல்வாய். மருமகன் கூம்பாகத்தான் அள்ளுவான்.

எனக்குள் குடைகிற விஷயம் இதற்கு அடுத்ததுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 1.6 மீட்டர் என்று வை. பக்கெட்டில் 400 கிலோ, அது முன் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் முன்னால் நிற்கிறது. 400-ஐ 1.2-ஆல் பெருக்கி 1.6-ஆல் வகு. 300 வரும். அந்த 300 கிலோ பின் சக்கரத்திலிருந்து கழன்று முன்னால் போய்விடுகிறது. ஆக முன் ஆக்ஸிலில் ஏறுவது 400 இல்லை, 700 கிலோ. லோடரின் சொந்த எடை தனி. இந்த அளவு டிராக்டரின் பின்பக்கத்தில் இருப்பதே 500, 600 கிலோதான். அதில் பாதி போனால் பிடிப்பு எங்கிருந்து வரும், பிரேக் எங்கே பிடிக்கும்? இது நிற்கும்போது உள்ள கணக்கு. பள்ளத்தில் இறங்கி ஒரு குலுங்கு குலுங்கினால் இன்னும் ஏறும். கையைக் கிடைமட்டமாக நீட்டும் உயரத்தில் சுமை அதிகபட்சம் முன்னால் போகும், அதையும் சேர்த்துக்கொள். ஆக்ஸில் சீல் கசிவதும், முன் சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின் ஆடுவதும், முன் டயர் பக்கவாட்டில் வெடிப்பதும் இதனால்தான்.

இதற்கு மருந்து பின்பக்க எடை. பின் ஆக்ஸிலுக்கு 0.8 மீட்டர் பின்னால், கருவி மாட்டும் பின்பக்கக் கைகளான லிங்க்கில் 300 கிலோ தொங்கவிட்டால் அது முன் ஆக்ஸிலிலிருந்து 150 கிலோவைத் தூக்கிவிடும், பின் சக்கரத்தில் 450 கிலோவை ஏற்றும். டயரில் தண்ணீர் நிரப்பினால் போதாதா என்று கேட்பாய். நல்லதுதான், கவிழாமல் நிற்க உதவும், பிடிப்பும் கூடும். ஆனால் தண்ணீர் பின் ஆக்ஸிலுக்கு நேராக உட்காருகிறது, அதற்கு நெம்புகோல் வேலை கிடையாது. முன் ஆக்ஸிலிலிருந்து ஒரு கிலோகூட இறங்காது. முன் ஆக்ஸிலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எடை பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கியே ஆக வேண்டும். தண்ணீரில் கால்சியம் குளோரைடு கலந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடு, ரிம்மை அரித்துவிடும்.

எடைக்குக் காசு கொட்ட வேண்டாம். 50 செ.மீ. நீளம், அகலம், உயரம் கொண்ட கான்கிரீட் கட்டி சுமார் 300 கிலோ. கம்பி கட்டி, கீழ் லிங்க்குக்கு 22 மி.மீ. பின்னும் டாப் லிங்க்குக்கு 19 மி.மீ. துளையும் வரும்படி வார்த்துக்கொள். வகை ஒன்று (கேட்டகரி 1) லிங்க் இணைப்புக்கு இந்த அளவு பொருந்தும், சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் அதுதான். மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரைத் தொங்கவிட்டாலும் எடைதான், ஆனால் திரும்பும்போது பின்னால் வால் நீளும், அங்கே ஆள் நின்றால் கால் போகும். உழவுக்கென்று முன்னால் எடைக்கல் மாட்டியிருந்தால் லோடர் ஏறும் நாளே அதைக் கழற்றிவிடு. நிறைய பேர் மறப்பது இதைத்தான். 'எண்ணெய் அழுத்தத்துக்கு வரம்பு வைக்கும் ரிலீஃப் வால்வைக் கொஞ்சம் திருகி இன்னும் தூக்கும்படி செய்கிறேன்' என்கிற மெக்கானிக்கையும் பக்கத்தில் சேர்க்காதே. தூக்கும், பிறகு குழாயும் சிலிண்டரும் ஆக்ஸிலும் வரிசையாகப் போகும்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியைத் தவிர வேறெதையும் பார்க்காதே. இதில் பேரமே கிடையாது. இழுவைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கும், பின்பக்கம் லேசானால் சரிவில் வண்டி வழுக்கும். முன் சக்கர இயக்கத்தைப் போட்டால் பிரேக்கும் எஞ்சின் தடையும் முன் சக்கரத்துக்கும் போகும். தார்ச்சாலையில் மட்டும் அதை எடுத்துவிடு, திரும்பும்போது கியர்கள் முறுக்கிக்கொள்ளும், டயரும் தேயும். முன்பக்கம் பிறகு வேறு அளவு டயர் மாட்டினாலும் இதே கதி. முன்னும் பின்னும் சுற்றும் விகிதம் கணக்கிட்டு வைத்தது.

கியர் விஷயம் சுருக்கமாக. லோடர் வேலையில் முன்னே பின்னே போவதுதான் நாள் முழுக்க. சாதாரண கியர் வண்டியில் கிளட்ச் பிளேட் அதற்கே தேயும். ஷட்டில் இருந்தால் ஒரே நெம்புகோலில் முன்னும் பின்னும் போகலாம், உனக்கு அது போதும். மிதித்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் (எண்ணெய் அழுத்தத்தால் ஓட்டும் முறை) லோடர் வேலைக்கு சுகம். ஆனால் எஞ்சின் சக்தியில் ஒரு பங்கை எண்ணெய்ச் சூடாகத் தின்றுவிடும், மணிக்கணக்காக உழும்போது அது தெரியும். நீ கோடு போட்ட குதிரைசக்தி எஞ்சினுடையது. ரோட்டவேட்டர் பார்ப்பது பி.டி.ஓ.வில் (கருவியைச் சுழற்றும் பின்பக்கத் தண்டில்) வரும் சக்தியை, அந்த எண்ணைக் கேள். அந்தத் தண்டுக்கு நிமிடத்துக்கு 540 சுற்று எந்த எஞ்சின் வேகத்தில் கிடைக்கிறது என்பதையும் கேள். பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளட்சை மிதித்ததும் ரோட்டவேட்டரும் நின்றுவிடும்.

ரோட்டவேட்டர் அகலம் பின் டயரின் வெளிவிளிம்புக்கு வெளியே கொஞ்சம் வர வேண்டும். இரண்டு பின் டயரின் வெளிவிளிம்புக்கும் இடையே 1.2 மீட்டர் என்றால் 1.3, 1.4. குறைந்தால் நீ உழுத இடத்திலேயே உன் டயர் அமுக்கிக்கொண்டு போகும்.

நீ ஒத்துக்கொள்ள மறுக்கப்போகும் விஷயம் ஒன்று உண்டு. லோடர் மாட்டியபடியே உழுவதற்கு உன் நாலு ஏக்கர் சரிப்படாது. 250, 300 கிலோ முன்னால் ஏறி நிற்கும். வரப்போரம் திரும்ப இடம் பத்தாது, வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஈர மண்ணை முன் டயர் இறுக்கிவிடும். ஆகவே லோடர் எளிதில் கழன்று மாட்டும் வகையா என்று விற்பவன் முன்னாலேயே கழற்றிக் காட்டச் சொல். ஊன்றுகால் கூடவே இருக்க வேண்டும். கழற்றும்போது எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை நாலு பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். விடாமல் வெயிலில் வைத்தால் குழாய் எண்ணெய் சூடேறி மறுநாள் குழாயை இணைக்கும் கப்ளிங்கை மாட்டவே முடியாது. லோடர் வேலைக்கு முன் டயர் காற்றைக் கூட்டு, உழவுக்குக் குறை. டயர் பட்டை உழவுக்கான உயரப் பட்டையாகவே இருக்கட்டும். லோடருக்கென்று தரும் தட்டைப் பட்டைக்குப் பக்கச்சுவர் கெட்டி, ஆனால் சேற்றில் அடைத்துக்கொள்ளும்.

'லோடரைப் பட்டறையில் அடித்துப் போட்டுக்கொள்ளலாம்' என்று குட்டையன் யோசனை சொல்லியிருப்பானே? அவன் சொன்னால் உனக்கு வேதம். லோடரின் சட்டகம் பின் ஆக்ஸில் வரை போய்ப் பிடிக்க வேண்டும். முன்பக்கத்திலும் கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கிலும் மட்டும் போல்ட் போட்டால் பக்கெட் மண்ணில் முட்டும் ஒவ்வொரு அடியும் வார்ப்பிரும்பில் இறங்கும். ஒரு நாள் டிராக்டர் நடுவில் விரிசல் விடும்.

பழைய வண்டி என்றால், போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் முன்பே கிளப்பி வைத்திருக்கிறான், குளிர்ந்த பிறகு வருகிறேன் என்று திரும்பிவிடு. கிளப்பியதும் நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. பக்கெட்டை ஒரு மீட்டர் தூக்கி எஞ்சினை நிறுத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிற்று. பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன் சக்கரத்தை லேசாகத் தூக்கி, அடியில் கட்டை முட்டுக் கொடுத்த பிறகு சக்கரத்தை ஆட்டிப் பார். முன் ஆக்ஸிலின் நடுப் பின்னும் கிங்பின்னும் ஆட்டம் கொடுத்தால் லோடர் செய்த பாவம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. லோடர் கையின் வெல்டிங்கில் புதுப் பெயிண்ட் ஒரு இடத்தில் மட்டும் பளபளத்தால் சுரண்டிப் பார். ஹைட்ராலிக் எண்ணெய் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

இனிமேல் கிண்டல் இல்லை. மருமகனை எதிரில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டு. பக்கெட்டில் சுமையோடு போகும்போது தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கக்கூடாது. உயரத் தூக்கிக்கொண்டு திரும்பினால் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலே போதும், வண்டி சாய்ந்துவிடும். சரிவில் குறுக்கே போகக்கூடாது. சுமை எப்போதும் மேட்டுப் பக்கம், இறங்கும்போது ரிவர்ஸில்தான். தலைக்கு மேல் நிற்கும் ரோல்பார் நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டியே ஆக வேண்டும், மரத்தடியில் மடக்கியிருந்தால் கட்டக்கூடாது. உருண்டைக் கட்டையையோ வைக்கோல் உருளையையோ வெறும் பக்கெட்டில் தூக்கக்கூடாது, கையை உயர்த்தும்போது அது பின்னால் உருண்டு ஓட்டுகிறவன் மடியில் விழும். எதையாவது இழுப்பதென்றால் பின்னால் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும் கட்ட வேண்டும். ஆக்ஸிலிலோ டாப் லிங்க்கிலோ கட்டினால் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் புரண்டுவிடும், குதிக்க நேரம் இருக்காது. தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் யாரும் தலையை நீட்டக்கூடாது. குழாயில் கசிவு தெரிந்தால் கையால் தடவக்கூடாது, அட்டையைப் பிடித்துப் பார்க்கட்டும். ஊசி அளவு பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால் வலி தெரியாவிட்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், விரல் போகிற சமாச்சாரம்.

லோடர் பின்களுக்கு வேலை செய்யும் நாளெல்லாம் கிரீஸ். முதல் சில நாள் வேலை முடிந்ததும் லோடர் போல்ட்டையும் சக்கர நட்டையும் திரும்ப முறுக்கிவிடு, புதிதில் தளரும்.

நீ பார்த்து வைத்த வண்டியின் முன் ஆக்ஸில் தாங்கும் எடை, சக்கர இடைவெளி, பின்னிலிருந்து 500 மி.மீ. தள்ளி லோடர் தூக்கும் எடை, கீழ் லிங்க் நுனியில் உள்ள பந்திலிருந்து 610 மி.மீ. பின்னால் லிங்க் தூக்கும் எடை, இந்த நாலையும் எழுதி அனுப்பு. அதற்குள் அட்வான்ஸ் கொடுத்தால் உன்னோடு பேச்சு இல்லை. கூடவே ஷெட் வாசலையும் அளந்துவிடு. ரோல்பாரை மடக்காமல் வண்டி உள்ளே போகுமா?

உன்,
பங்காளி