டோனாவூர் அம்மாவும் உன் கேள்வியும்

பாளையங்கோட்டை

அன்புள்ள சாமுவேல்,

ஸ்தோத்திரம். கடிதம் வந்தது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் என்றாகிவிட்டதையும், தண்ணீரைக்கூட அளந்து குடிப்பதையும் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு செம்பு பதநீரை ஒரே மூச்சில் குடிக்கிறவனாயிற்றே நீ.

அதைவிட எரிச்சல் தந்தது, ஜெபிக்க வந்தவர் மறைவான பாவத்தை அறிக்கையிட்டால் சிறுநீரகம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனதுதான். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களாவது முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் வினை. கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் வந்தது. அவரோடு வழக்காடிய யோபுவே நிதானமாய்ப் பேசினவன் என்று பெயர் வாங்கினான்.

"விசுவாசம் இருந்தால் சுகம் கிடைத்திருக்குமே, எனக்கு அது குறைவோ?" என்று கேட்டிருக்கிறாய். நம்ம பக்கத்து டோனாவூரையே எடுத்துக்கொள். ஏமி கார்மைக்கேல் அம்மா 1895-ல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர். கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண்பிள்ளைகளை 1901 முதல் சேர்த்து வளர்த்தவர். 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்தார், கால் முறிந்தது. அதன் பிறகு பழைய நடமாட்டம் திரும்பவே இல்லை. 1951-ல் கண்மூடும் வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். அங்கே ஜெபத்துக்கா பஞ்சம்? அந்த அம்மாவுக்கா விசுவாசம் குறைவு? வலியோடு படுத்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். சுகம் கிடைக்காததைத் தோல்வி என்று அங்கே யாரும் கணக்கு எழுதவில்லை.

உன் மதினி இறந்துபோனபோது எனக்கும் வீட்டுக்கு வந்த ஆறுதல் வார்த்தை எதுவும் காதில் ஏறவில்லை. சபையின் ஐக்கிய சங்கத்துப் பெண்கள் சாயங்காலம் வந்து பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டுப் பாடி, காப்பி போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். எனக்கு ஜெபம் வராத நாட்களில் அவர்கள் ஜெபம்தான் என்னைத் தாங்கியது. விசுவாசம் ஒருத்தனே தூக்கிச் சுமக்கிற சுமை இல்லை என்று அப்போது பட்டது.

அந்த நாட்களில் வேதத்திலுள்ள 88-ஆம் சங்கீதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதியாகத் திரும்பிவிடும். இதில் கடைசி வரி வரை விடியலே இல்லை. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் அதைப் பாடினவர் கூப்பிட்டுத் தொடங்குகிறார். முறையிட வேறு ஆளைத் தேடவில்லை, பார்த்தாயா? ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைப் படி. கோபம் வந்தால் அவரிடமே கோபப்படு, தப்பில்லை.

அப்புறம் ஊர்ச் செய்தி. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை நன்றாக நடந்தது. இந்த வருஷம் சாம்பாரில் கறி கொஞ்சம் தாராளம். உனக்குப் பொறாமையாக இருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சரி, டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை என்று எழுது. ரயிலுக்கு டிக்கெட் போட வேண்டும். அந்த நாலு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யோபுவின் நண்பர்கள் மாதிரி ஏழு நாள் வாய் திறக்காமல் இருப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

அன்புடன்,
தேவராஜ்