சீர்திருத்த நாளும் ஆக்ஸ்பர்க் கூட்டறிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் சீர்திருத்த நாளான அக்டோபர் 31 அன்று புராட்டஸ்டண்டு ஆலயங்களில் 1517-இல் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து முன்வைத்த 95 கருத்துரைகள் தவறாமல் நினைவுகூரப்படுகின்றன. அதே நாளைத் தேர்ந்தெடுத்து, 1999-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையைப் பற்றி எங்கள் பிரசங்கங்களில் நான் கேட்டது மிகக் குறைவு.

நம் நற்செயல்களின் தகுதியைக் கொண்டல்லாமல், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கிருபையினாலேயே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பாரும் அதில் சேர்ந்து அறிக்கையிட்டனர். திருச்சபை பிளவுபட்டதற்கு மையமான கேள்வியே இதுதான். பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் விதித்த கண்டனங்கள், இவ்வறிக்கை எடுத்துரைக்கும் போதனையைச் சாரா என்றும் ஒப்புக்கொண்டனர். 2006-இல் மெத்தடிஸ்டுகளும் 2017-இல் கால்வின் மரபுச் சபைகளின் உலக ஐக்கியமும் இதனுடன் இணைந்தன.

இத்தகைய உடன்பாடு சீர்திருத்த மரபைக் கைவிடுவதாகும் என்பாரும் உண்டு. அவர்கள் 1517-ஐ மட்டும் நினைக்கிறார்கள். 1530-இல் அதே ஆக்ஸ்பர்க்கில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் வாசிக்கப்பட்ட லுத்தரன் விசுவாச அறிக்கையை லூத்தரின் உடன்பணியாளர் மெலாங்க்தன் வரைந்தது, பொதுத் திருச்சபையின் விசுவாசத்திலிருந்து லூத்தர் தரப்பினர் விலகவில்லை என்று காட்டுவதற்காகத்தான். தனிச்சபை தொடங்குவது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

தமிழகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய, பெரும்பாலும் இந்தியர்களான போதகர்கள் விடுத்த ஐக்கிய அழைப்பே 1947-இல் பல புராட்டஸ்டண்டு சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாக வழிவகுத்தது. 1706-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய அவ்வூரின் லுத்தரன் மரபு இன்றுவரை அதில் சேராதிருப்பது விந்தைதான்.

கத்தோலிக்கரும் லுத்தரன்களும் திருவிருந்தில் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் வழிபாட்டில்) சேர்ந்து பங்குபெற முடியாததே இன்னும் தீராத பிரச்சினை. திருப்பணி (குருக்கள், போதகர்களின் ஊழியம்), திருச்சபையின் அதிகாரம் ஆகியவை பற்றிய கருத்து வேறுபாடுகளே அதற்குக் காரணம். அவற்றைச் சிறியவை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், வாழ்க்கை முழுவதையும் பகிர்ந்துகொண்டும் ஒரே திருவிருந்துப் பந்தியில் பங்குபெற இயலாத கத்தோலிக்க-லுத்தரன் தம்பதியரின் வேதனையை, 2016-இல் சுவீடனின் லுண்ட் நகரில் திருத்தந்தை பிரான்சிசும் லுத்தரன் சம்மேளனத் தலைவர் பேராயர் முனிப் யூனானும் கூட்டாக அறிக்கையிட்டு ஏற்றுக்கொண்டனர். அத்தகைய குடும்பங்கள் நம் ஊர்களிலும் இருக்கின்றன.

எனவே, வரும் சீர்திருத்த நாளுக்கு முன்பாக, இரு தரப்புப் போதகர்களும் குருக்களும் சேர்ந்து அந்தக் கூட்டறிக்கையை எளிய தமிழில் சபையாருக்கு வாசித்து விளக்கவும், கலப்புத் திருமணக் குடும்பங்களை அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்கவும் முன்வர வேண்டுமென்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லுத்தரன் சபையைச் சேர்ந்த வாசகர்,
மயிலாடுதுறை.