முள்ளோடையில் முடிந்துவிடும் ஒரு நாள் சுற்றுலா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரிக்கு ஒரு நாள் பயணமாக வருவோருக்கென்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கடற்கரைச் சாலை, பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த தெருக்கள், மணக்குள விநாயகர் கோயில், ஆரோவில், சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை என்று அடுக்கிவிட்டுக் கட்டுரை முடிந்துவிடுகிறது. எழுதியவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு வழக்கமாகக் காட்டப்படுவதும் இவ்வளவுதான். ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்து, பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, புதுச்சேரி முடிந்து கடலூர் தொடங்கும் முள்ளோடை எல்லையோடு உலகம் முடிந்துவிடுவதாக நினைத்துக்கொண்டு இவ்வளவு பேர் ஊர் திரும்புகிறார்களே என்ற ஆதங்கம் உண்டு. அதனாலேயே இக்கடிதம்.

இந்த எல்லை எப்படி வந்தது என்பதே ஒரு தனிக் கதை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகும் ஊர் பலமுறை கைமாறி, கடைசியாக 1816இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. அப்போது துண்டும் துணுக்குமாகக் கிடைத்த கிராமங்கள்தாம் இன்றும் தமிழகத்துக்குள் தீவுகள்போல் சிதறிக் கிடக்கின்றன. எங்கள் கடலூரின் எல்லை வரைந்த விதமோ இதைவிட வேடிக்கையானது. 1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுக்கே என்று பேசி முடித்தார்கள். நாலு திசையிலும் சுட்டுப் பார்த்து எல்லை வகுத்தார்கள். அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி வரிசைப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அந்தத் தேவனாம்பட்டினம் கோட்டை சாதாரணக் கோட்டை அன்று. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் போனபின் சில ஆண்டுகள் தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமே அதுதான்; 1756இல் கிளைவ் அதன் கவர்னராக இருந்தார்; 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றினார். புதுச்சேரித் தெருக்களில் பிரெஞ்சு ஆட்சியின் கதையைக் கேட்கிறவர், அதன் மறுபாதியை அறிய ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தெற்கே வரவேண்டும். வருகிற சிலரோ தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சில் சுண்டல் தின்றுவிட்டு, கெடிலம் ஆற்றின் ஓரம் எஞ்சியிருக்கும் இடிபாடுகளைத் திரும்பிப் பாராமல் போய்விடுகிறார்கள். பார்த்தாலும் அது என்னவென்று சொல்ல அங்கே யாருமில்லை.

தெற்கே வரும் வழியிலேயே நிற்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு. 1930களில் அங்கே சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த பாசிமணிகளைப் பார்த்துத்தான் துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியருக்கு அந்த மேட்டின் மீது கண் விழுந்தது. 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானியர்களின் மதுச் சாடிகளின் உடைசல்களும் இத்தாலிய மண்கலங்களும் கிடைத்தன. இவ்வளவு பெருமை உள்ள இடத்துக்கு ஒருமுறை என் தம்பியின் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக ஆட்டோ பேசினேன். "அங்க என்னங்க இருக்கு, வெறும் மாந்தோப்புதானே, பேசாம போட்டிங் போங்க" என்றார் ஓட்டுநர். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. கண்ணுக்குத் தெரிவது மரநிழலும், பிற்காலத்தில் பாதிரிமார்கள் கட்டிய ஒரு கட்டடத்தின் தூண்களும்தான். தமிழில் ஒரு விளக்கப் பலகையும், கிடைத்த பொருள்களின் படங்களும் இருந்தாலன்றி அந்த மேடு பேசாது. இதுபோன்ற இடங்களில் நான் கண்ட பலகைகள் பெரும்பாலும் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று சொல்கின்றனவே தவிர, சேதப்படுத்தக்கூடாத பொருள் எது என்று சொல்வதில்லை.

இரண்டாவது பாகூர். ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்கு நின்றால் நீர்ப்பறவைகளைக் காணலாம். மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலச் செப்பேடு ஒன்று, இவ்வூரில் ஒரு வடமொழிக் கல்லூரி இருந்ததைச் சொல்கிறது. 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர்க்களமும் இதுவே.

புதுச்சேரிக்கு வடமேற்கே போனால் ஊசுட்டேரி. ஏரியின் ஒரு பாதி புதுச்சேரிக்கும் மறுபாதி தமிழகத்துக்கும் உரியது. பறவைகளுக்கு அது தெரியாது. அதையும் தாண்டி வானூர் வட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், சிறிது சிறிதாகச் சிலிக்கா ஏறிக் கல்லாகிப்போய், பட்டையும் வளையமும் மாறாமல் கிடக்கின்றன. அவை கிடக்கும் பாறை அடுக்குக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'கடலூர் மணற்கல்'. எங்கள் கேப்பர் மலையின் செம்மண்ணும் ஆரோவில்லின் சிவந்த மேட்டுநிலமும் அதே அடுக்கைச் சேர்ந்தவை என்பதைச் சொன்னபோது, பிள்ளைகள் கல்மரத்தைத் தொட்டுவிட்டுத் தங்கள் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார்கள். பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க அங்கே கூட்டம் அலைமோதும். மற்ற நாள்களில் நிலைமை வேறு. நாங்கள் போனது ஒரு சாதாரண வியாழக்கிழமை. திரும்பும் பேருந்துக்காக இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, கடைசியில் செங்கல் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய ஒரு லாரியின் முன்பக்கத்தில் இடுங்கிக்கொண்டு பிரதான சாலைக்கு வந்து சேர்ந்தோம். பிள்ளைகளுக்கு அந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது அந்த லாரிதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் முழங்காலுக்குப் பிடிக்கவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. சனி, ஞாயிறுகளில் மட்டும், இரு அரசுகளின் போக்குவரத்து நிர்வாகங்களும் கலந்துபேசி, ஒரே பயணச்சீட்டில் ஏறி இறங்கும்படியான இரண்டு சுற்றுப் பேருந்துகளை விடவேண்டும். ஒன்று புதுச்சேரியிலிருந்து அரிக்கமேடு, பாகூர், தேவனாம்பட்டினம், திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் வழியாகச் சென்று மாலையில் திரும்பட்டும். மற்றொன்று ஊசுட்டேரி, திருவக்கரை என்று போய் வரட்டும். தெற்குச் சுற்றைக் கேப்பர் மலை வரை நீட்டினால் இன்னும் நல்லது. பத்தாண்டுப் புதுச்சேரி வாசத்துக்குப் பின் 1918 நவம்பரில் பாரதியார் இதே எல்லையைத் தாண்டியபோதுதான் கைது செய்யப்பட்டார்; அவரை அடைத்து வைத்தது கேப்பர் மலைச் சிறையில்தான்.

செஞ்சியையும் பிச்சாவரத்தையும் வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக்கு ஒரு முழு நாள் வேண்டும். சுமார் 800 அடி உயர ராஜகிரியை வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்காதவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். பிச்சாவரத்தின் சதுப்புநிலக் காட்டில் படகு செல்ல நேரம் காலம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்து, எதையும் பார்க்கவிடாமல் ஓட்டிக்கொண்டு போகும் வேன் பயணத்தை நாமும் நகலெடுக்க வேண்டாம்.

பேருந்தோடு கூட ஒவ்வோர் இடத்திலும் குடிநீரும் பெண்கள் நம்பிச் செல்லக்கூடிய கழிப்பறையும் வேண்டும். வயதான பெண்கள் இப்படிப்பட்ட பயணங்களுக்கு வர மறுப்பதற்கு முதற்காரணம் கழிப்பறை இல்லாததே என்பதை, என் வீட்டிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். விளக்கம் சொல்ல ஆள் கிடைக்காது என்ற சாக்கும் வேண்டாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். வார இறுதியில் சிறு ஊதியம் தந்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள் ஊதியம் இல்லாமலே வருவோம்.

மழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களே இந்தப் பயணங்களுக்கு ஏற்ற காலம். வரும் பொங்கல் விடுமுறையில் தெற்குச் சுற்றை மட்டுமாவது நான்கு வாரம் சோதனையாக ஓட்டிப் பார்க்குமாறு இரு அரசுகளையும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரையில், இவ்விடங்களுக்குச் செல்லும் இப்போதைய பேருந்துகளின் தட எண்களையும், கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தையும் விசாரித்துத் தாங்கள் ஒரு கட்டம் போட்டு வெளியிட்டால், அடுத்த முறை நான் லாரிக்குக் கை காட்ட வேண்டியிராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.