பெண்கள் ஐக்கியத்தில் இரண்டாவது பிரசங்கம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துத் திருச்சபைகளில் பெண்கள் ஐக்கியக் கூட்டம் என்றால், பல இடங்களில் ஒருவர் நின்று முக்கால் மணி நேரம் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு கேட்ட பிரசங்கமே வாரநாளிலும் தொடர்கிறது. அந்த ஒரு மணி நேரம் வேதபாடத்துக்கு ஆக வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். யோவான் 4-ஆம் அதிகாரத்தில், கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்டுப் பேசும் சமாரியப் பெண்ணின் பகுதி 42 வசனம். ஒரே மூச்சில் முடித்தால் ஒன்றும் மனதில் தங்காது. முதல் வாரம் 5 முதல் 15, அடுத்தது 16 முதல் 26, மூன்றாவது 27 முதல் 30-உம் 39 முதல் 42-உம் என்று பிரிக்கலாம். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் நிறுத்தி வாசிக்கட்டும். பிறகு வேதாகமத்தை மூடிவிட்டு, கேட்டதை ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தறியாத ஆச்சிமார் இதில்தான் முந்துவார்கள். விட்டுப்போனது என்னவென்று பார்க்க இரண்டாம் வாசிப்பு. ஆளுக்கொரு வசனம் வரிசையாக வாசிக்கவைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தன் முறை வந்துவிடுமே என்று பயந்து, வாசிக்கத் திணறுகிறவர்கள் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்து கேள்வி. 'ஆமா', 'இல்லை' என்று முடிகிற கேள்வி பேச்சை வளர்க்காது. "யூதர் ஒருவர் தண்ணீர் கேட்டதும் அவள் ஏன் திகைக்கிறாள்?" என்று கேளுங்கள். ஊருணியில் குடம் சுமந்தவர்களும், யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்ற கட்டுப்பாட்டைப் பார்த்தவர்களும் நம் கூட்டங்களில் இருக்கிறார்கள். யூதர் சமாரியரோடு சம்பந்தம் கலப்பதில்லை என்ற 9-ஆம் வசனத்தை அவர்களே விளக்குவார்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுக்க வேண்டும். நடத்துகிறவரே பதிலையும் சொல்லிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு தரம் அப்படி ஆனால், மூன்றாவது கேள்விக்கு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இரண்டாம் வாரம் மிகுந்த கவனம் வேண்டும். அவளுக்கு ஐந்து புருஷர் இருந்தார்கள் என்று வாசித்ததும் 'நடத்தை கெட்டவள்' என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். அந்த ஐவரும் இறந்தார்களா, அவளைத் தள்ளிவிட்டார்களா என்று வசனம் சொல்லவில்லை. உபாகமம் 24-இல் தள்ளுதற்சீட்டு, அதாவது மணவிலக்குச் சீட்டு, எழுதிக் கொடுப்பவன் புருஷன்தான். அவள் நண்பகலில் ஏன் வந்தாள் என்பதற்கும் காரணம் எழுதப்படவில்லை. கூட்டத்தில் கைம்பெண்ணும், கணவன் கைவிட்டவரும் இருப்பார்கள். வேதத்தில் இல்லாத பழியை நாம் சேர்த்தால் அது அவர்கள்மேல்தான் விழும். அவள் சொன்னதைக் கேட்டு ஊரார் அநேகர் விசுவாசித்தார்கள் என்ற 39-ஆம் வசனமும் கண்ணில் படாமலே போகிறது.

பாய் விரித்து வட்டமாக உட்காருவது நல்லது. பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் திண்ணையில் ஒரு குழு, கூடத்தில் ஒரு குழு. எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொள்கிறவரை எதிரே அமர்த்தாமல் பக்கத்தில் அமர்த்தினால், கண்ணோடு கண் பார்த்துப் பேச்சை நீட்டுவது குறையும். நம் வாழ்க்கைக்கு இது என்ன சொல்கிறது என்பதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். அங்கே ஒருவர் சொல்லும் வீட்டு விஷயம் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் வெளியே போகவே கூடாது. ஒருமுறை போனால் அவர் மறுபடி பேசமாட்டார்.

ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மாதப் பகுதிகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கூட்டம் நடத்தும் பெண்களுக்கு, கேள்விகளை யோசித்து எழுத ஒரு வாரமாவது வேண்டும்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய வேதபாட ஆசிரியைகள்,
காரைக்குடி